பனிக்களத்து இரசிகனின் முறையீடு

விளையாட்டைப் பற்றிய கட்டுரை இலக்கியப் பக்கத்துக்கு ஒவ்வாது என்று கருதும் அன்பர் சிலர் இருக்கக்கூடும். ஆயின் ஒரு சமுதாயம் எதனை ஒன்றுகூடிப் பார்க்கின்றது, மறுநாட் காலையில் எதனைப் பற்றிப் பேசிக்கொள்கின்றது என்பது அதன் பண்பாட்டைப் பற்றிய கேள்வியேயாகும். கூத்தையும் நாடகத்தையும் திருவிழாவையும் நாம் அந்தக் கண்கொண்டே நோக்குகின்றோம். கனடிய மக்களுக்குப் பனிக்கட்டி ஹொக்கி அத்தகையதொரு பொது விழா. அவ்விழாவை நாடு முழுவதற்கும் காட்டும் பொறுப்பை ஏற்ற தொலைக்காட்சி அதனை எவ்வாறு நிறைவேற்றியது? எழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் இரசிகர்களின் முறையீடு ஓயாதிருப்பது ஏன்? இவ்விரு வினாக்களே இக்கட்டுரையின் பொருள்.

நான் ரொறன்ரோ நகரின் ஸ்காபரோ பகுதியிலுள்ள என் மகள் வீட்டில் இரு பனிக்காலங்களைக் கழித்தவன். மாலை ஐந்து மணிக்கு முன்னரே இருள் சூழ்ந்துவிடும் அந்நாட்களிற் பேரப்பிள்ளைகளின் அருகில் அமர்ந்து இவ்வாட்டத்தைப் பார்க்கப் பழகினேன். அவர்களே எனக்கு ஆசிரியர். அயல் வீட்டிலிருந்த கனடிய முதியவர் ஒருவரோ எனக்குப் பேராசிரியர். எண்பதை அண்மிய அவர் சிறு பையனாய் இருந்த நாள் முதலாக இவ்வாட்டத்தைத் திரையிற் பார்த்து வருபவர். ஆட்டத்தின் நுணுக்கங்களையும், அதனைக் காட்டுவோர் மீது அவர் கொண்ட கோபங்களையும் ஒருங்கே எனக்குக் கற்பித்தார்.

இவ்வாட்டத்தைக் காணாத வாசகருக்கு ஒரு சொல். இருநூறு அடி நீளமும் எண்பத்தைந்து அடி அகலமும் கொண்ட பனிக்கட்டித் தளம். பக்கத்துக்கு அறுவர், அவருள் ஒருவர் இலக்குக் காவலர். எல்லோர் காலிலும் கூரிய இரும்பலகு பொருத்திய சறுக்குச் சப்பாத்து. அவர்கள் கோல் கொண்டு துரத்துவது பந்தன்று. மூன்றங்குல விட்டமும் ஓரங்குலத் தடிப்பும் உள்ள கறுப்பு இறப்பர் வட்டு. வல்லவன் அடித்தால் அவ்வட்டு மணிக்கு நூறு மைலுக்கு மேற்பட்ட வேகத்திற் பறக்கும். இருபது நிமிடம் கொண்ட மூன்று கட்டங்களாக ஆட்டம் நடைபெறும். இத்துணைச் சிறிய பொருள் இத்துணை விரைவிற் செல்வதை ஒரு பெட்டிக்குள் அடக்கிக் காட்டுவது எளிதன்று. இரசிகனின் குறைகளுட் சில இந்த இயற்கைத் தடையாற் பிறந்தவை. ஆனால் மிகப் பல மனிதரின் கணக்கு வழக்காற் பிறந்தவை என்பதை நாம் காண்போம்.

பாதியிலே தொடங்கிய கதை

தொலைக்காட்சிக்கு முன்னர் வானொலி இருந்தது. பொஸ்ரர் ஹியூவிற் என்பார் 1923ஆம் ஆண்டிலேயே ஹொக்கி வருணனை செய்யத் தொடங்கிவிட்டார். சனிக்கிழமை இரவுகளில் அவர் குரல் பரந்த கனடாவின் தனித்த பண்ணை வீடுகளையும் எட்டிற்று. பனியினால் ஒருவரிலிருந்து ஒருவர் துண்டிக்கப்பட்டிருந்த மக்களை ஒரே வேளையில் ஒரே செய்தியில் இணைத்தது அக்குரல்.

1952ஆம் ஆண்டு ஒக்ரோபரில் மொன்றியலிலிருந்து பிரெஞ்சு மொழியிலும், நவம்பர் முதலாந் திகதி ரொறன்ரோவிலிருந்து ஆங்கிலத்திலும் கனடிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமாகிய சி.பி.சி. தொலைக்காட்சியில் ஹொக்கியைக் காட்டலாயிற்று. மக்கள் களிப்படைந்தனர். ஆயினும் முதல் முறையீடும் அப்பொழுதே பிறந்தது. ஆட்டம் தொடங்கிப் பலநேரம் சென்ற பின்னரே ஒளிபரப்புத் தொடங்கும்! முழு ஆட்டத்தையும் வீட்டிலிருந்தே பார்க்கலாமெனின் நுழைவுச்சீட்டு வாங்க யார் வருவார் என்று கழக உரிமையாளர் அஞ்சினர். இவ்வழக்கம் 1960களின் பிற்பகுதி வரை நீடித்தது. ஒரு தலைமுறை முழுவதும் தன் தேசிய விளையாட்டின் தொடக்கத்தைக் காணாமலே வளர்ந்தது எனலாம்.

இதனை நான் சிறு செய்தியாகக் கொள்ளவில்லை. பின்னர் வந்த முறையீடுகள் யாவற்றுக்கும் இதுவே வித்து. ஆட்டம் யாருக்கு உரியது? களத்தைக் கட்டியவனுக்கா, காட்டும் உரிமையை விலைக்கு வாங்கியவனுக்கா, அதனை நேசித்துத் தலைமுறைக்குத் தலைமுறை கைமாற்றித் தரும் மக்களுக்கா? சட்டம் முதல் இருவர் பக்கமே நிற்கும். உள்ளம் மூன்றாமவர் பக்கம் நிற்கும். இவ்விரண்டுக்கும் இடையே எழும் ஓலமே இரசிகனின் குரல்.

பள்ளிகள் பாடத்தை நிறுத்திய நாள்

தொலைக்காட்சி தன் கடமையை முழுதாய் ஆற்றிய நாளும் உண்டு. 1972ஆம் ஆண்டு கனடாவின் தொழின்முறை வீரர்கள் சோவியத் ஒன்றிய அணியுடன் எட்டு ஆட்டங்கள் ஆடினர். செப்ரெம்பர் 28ஆம் திகதி மொஸ்கோவில் நடைபெற்ற இறுதி ஆட்டம், நேர வேறுபாட்டினாற் கனடாவிற் பகல் வேளையில் வந்தது. பள்ளிகள் பாடத்தை நிறுத்தின. மண்டபங்களில் தொலைக்காட்சிப் பெட்டிகள் வைக்கப்பட்டன. ஆசிரியரும் மாணவரும் அருகருகே அமர்ந்தனர். ஆட்டம் முடிய முப்பத்துநான்கு செக்கன் இருக்கையிற் போல் ஹெண்டர்சன் வெற்றி இலக்கை அடித்தார். அன்று பிள்ளைகளாய் இருந்தோர் இன்று பாட்டன் பாட்டிமார். அவர்கள் எந்த அறையில் இருந்தார்கள், பக்கத்தில் யார் இருந்தார் என்பதையும் சேர்த்தே அந்த இலக்கை நினைவுகூருகின்றனர்.

தேசிய ஒளிபரப்பு என்பதன் பொருள் அன்று துலங்கிற்று. எல்லோரும், ஒரே வேளையில், கட்டணத் தடையின்றி, முழுமையாகக் காண்பது. இந்நான்கினுள் ஒன்று குறையினும் எஞ்சுவது வியாபாரமே.

அண்டை நாட்டின் அவலங்கள்

ஐக்கிய அமெரிக்காவில் ஹொக்கி அத்துணை வேரூன்றிய ஆட்டமன்று. எனவே அங்குள்ள இரசிகர் படும் பாடு வேறு வகையானது. காட்டுவோர் அவர்களை ஆட்டம் தெரியாத குழந்தைகளாகக் கருதினர். 1970களில் என்.பி.சி. நிறுவனம் விதிகளை விளக்குவதற்கென வட்டுக்கே கை கால் வரைந்து ஒரு கேலிச்சித்திரப் பாத்திரம் ஆக்கிற்று. 1996இல் பொக்ஸ் நிறுவனம் மேலும் ஒரு படி சென்றது. வட்டினுள்ளே மின்கலமும் நுண்கருவியும் பதித்து, திரையில் அதனைச் சுற்றி நீல ஒளி படரச் செய்தது. மணிக்கு எழுபது மைலைக் கடந்தால் பின்னே சிவந்த வால் ஒன்றும் தோன்றும். புதியவர் சிலர் இதனை விரும்பினர் என்பது உண்மை. பழைய இரசிகரோ கொதித்தெழுந்தனர். வீரனின் தோள் திரும்புவதையும், காவலனின் முழங்கால் மடிவதையும் கண்டே வட்டு எங்கே போகும் என்று உணரும் கலை அவர்களுடையது. அக்கலைக்கு இவ்வொளி இடையூறாயிற்று. 1998இல் அது அணைந்தது. நல்ல கவிதைக்கு வரிக்கு வரி உரை எழுதிக் குறுக்கிடும் உரையாசிரியனை நாம் எவ்வாறு நோக்குவோமோ, அவ்வாறே அவர்கள் அதனை நோக்கினர்.

கேடு இதனோடு முடியவில்லை. 1988இல் இவ்விளையாட்டின் ஒப்பற்ற வீரர் வெய்ன் கிறெற்ஸ்கி, கனடாவின் எட்மன்ரன் கழகத்தை விட்டு லொஸ் ஏஞ்சலிஸ் நகருக்கு மாற்றப்பட்டார். அமெரிக்கர் பலர் முதன்முறையாக ஹொக்கியின் பக்கம் திரும்பிய வேளை அது. அவ்வேளை பார்த்தே லீக் நிருவாகம், கூடுதற் பணம் தருவதாகச் சொன்ன, ஆனால் மிகக் குறைந்த வீடுகளுக்கே எட்டக்கூடிய ஓர் அலைவரிசைக்குத் தேசிய உரிமையை விற்றது. விருந்து சமைத்து வாசற் கதவைப் பூட்டியதற்கு ஒப்பானது இச்செயல்.

இரசிகர் இன்றும் மறவாத நாள் 2007ஆம் ஆண்டு மே 19. ஒட்டாவா, பஃபலோ கழகங்களுக்கிடையிலான அரையிறுதித் தொடரின் ஐந்தாம் ஆட்டம். தோற்றாற் பஃபலோவின் பருவம் முடிந்தது. குறித்த நேரம் முடிகையில் இரு பக்கமும் இரண்டு இலக்குகளுடன் சமநிலை. மேலதிக நேரம் தொடங்கவிருந்தது. அந்நேரத்தில் என்.பி.சி. ஆட்டத்தைக் கைவிட்டுக் குதிரைப் பந்தயக் களத்துக்குச் சென்றது. பந்தயமே இன்னும் தொடங்கவில்லை. காட்டப்பட்டது அதற்கு முந்திய அறிமுக நிகழ்ச்சி. ஆட்டத்தின் முடிவு, பஃபலோவை அடுத்த பகுதியினர் நீங்கலாக, ஏனையோருக்குக் கட்டணக் கம்பிவட அலைவரிசை ஒன்றுக்கு மாற்றப்பட்டது. அவ்வலைவரிசை இல்லாத வீடுகள் பல. ஒட்டாவாத் தலைவர் டானியல் அல்பிரெட்சன் இலக்கடித்துத் தொடரை முடித்ததை அவ்வீட்டார் காணவேயில்லை. ஒப்பந்தம் அவ்வாறு கூறிற்று என்பது நிறுவனத்தாரின் விடை. ஒப்பந்தம் எழுதும் மேசையில் இரசிகனுக்கு நாற்காலி இல்லை என்பதே அவ்விடையின் கருத்து.

பொதுச் சொத்து விலைப்பட்டபோது

கனடாவுக்கு மீள்வோம். 2004ஆம் ஆண்டு, பிரெஞ்சு மக்கள் அரை நூற்றாண்டுக்கு மேலாகச் சனி இரவுகளிற் பொது அலைவரிசையிற் பார்த்துவந்த ஹொக்கி நிகழ்ச்சி நின்றது. உரிமை தனியார் விளையாட்டு அலைவரிசைக்குச் சென்றிருந்தது. 2008இல் ஆங்கில நிகழ்ச்சியின் தொடக்க இசையும் கைமாறிற்று. டொலோறிஸ் கிளேமன் அம்மையார் 1968இல் அமைத்த அவ்விசையைப் பலர் நாட்டின் இரண்டாவது தேசிய கீதம் என்றே அழைத்தனர். சி.பி.சி. அதன் உரிமையை இழக்க, போட்டி நிறுவனம் அதனை வாங்கிக்கொண்டது. இசை ஒன்றுக்காக ஒரு நாடு வருந்திற்று என்றால், அது வெறும் விளம்பர மெட்டாக இருந்திருக்க முடியாதல்லவா?

2013 நவம்பரில் வந்தது பேரிடி. றொஜர்ஸ் நிறுவனம் பன்னிரண்டு ஆண்டுகளுக்கான தேசிய உரிமையை ஐந்நூற்றிருபது கோடிக்கு மேற்பட்ட கனடிய டொலருக்கு வாங்கிற்று. சனிக்கிழமை நிகழ்ச்சி சி.பி.சி.யில் தொடர்ந்தது, ஆனால் அதன் ஆட்சியும் விளம்பர வருவாயும் றொஜர்சுக்கு உரியவாயின. தன் வீட்டிலேயே குடியிருப்பாளனாய் மாறிய கதை இது. 2025 ஏப்ரலில் அந்நிறுவனம், 2026ஆம் ஆண்டிற் தொடங்கும் மேலும் பன்னிரண்டு பருவங்களுக்கு ஆயிரத்து நூறு கோடி டொலர் தர உடன்பட்டது. இத்தொகை வானத்திலிருந்து விழுவதன்று. சந்தாவாகவும் விளம்பரமாகவும் இரசிகனிடமிருந்தே அது திரட்டப்பட வேண்டும்.

இங்கே ‘இருட்டடிப்பு’ எனும் விந்தையையும் கூறவேண்டும். ஒவ்வொரு கழகத்துக்கும் ஒரு நிலப்பரப்பு வகுக்கப்பட்டுள்ளது. தேசிய ஆட்டங்கள் தவிர்ந்த ஏனையவற்றை அந்தந்த நிலப்பரப்பினுள் வாழ்வோரே பிராந்திய அலைவரிசையிற் பார்க்கலாம். எல்லைக்கு வெளியே வாழும் அன்பன் வேறொரு சந்தா கட்டவேண்டும். அச்சந்தாவைக் கட்டியவன் எல்லைக்குள்ளே வாழ்பவனாயின், தன் சொந்த ஊர்க் கழகத்தின் ஆட்டமே அவனுக்கு மறைக்கப்படும்!

என் அயலவராகிய முதியவரின் வீட்டுச் சுவரில் ஒரு தாள் ஒட்டப்பட்டிருந்தது. எந்தக் கிழமை எந்த இடத்தில் ஆட்டம் என்று அவர் பேரன் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்திருந்தான். ஓர் இரவு நான் அங்கிருக்கையில் அத்தாளின்படியே அவர் சகலமும் செய்தார். திரையில் தோன்றியது ஆட்டமன்று; ‘இவ்வாட்டம் உங்கள் பகுதியிற் காட்டப்படமாட்டாது’ எனும் ஒரு வரி. அவர் ஏற்கெனவே பணம் கட்டிய நிறுவனத்தின் வரிதான் அது. சிறிது நேரம் அதனையே பார்த்திருந்துவிட்டு என்னிடம் கூறினார்: “நான் சிறுவனாய் இருந்தபோது எங்கள் தெருவில் ஒரேயொரு பெட்டி இருந்தது, தெரு முழுவதும் ஆட்டம் பார்த்தது. இன்று ஒவ்வோர் அறையிலும் ஒரு பெட்டி இருக்கிறது; ஆட்டத்தைத்தான் காணவில்லை.”

கண்ணும் காதும் படும் பாடு

ஆட்டம் கிடைத்த இரவிலும் அமைதி இல்லை. 2022இல் தொடங்கிய பருவம் முதலாகக் களத்தைச் சுற்றிய பலகைகளின் மேல், திரையிற் பார்ப்போருக்கு மட்டும் தெரியும் மின்விளம்பரங்கள் பொருத்தப்பட்டன. அவை அசையும், நிறம் மாறும், வாகனங்கள் ஓடும். சில வேளை பலகையோரம் செல்லும் வீரனின் கையோ காலோ அவ்விளம்பரத்துக்குள் மறைந்துவிடும். வட்டைத் தேடும் கண்ணை வேறொன்று வலிந்து இழுப்பது, பாட்டுக் கச்சேரியின் நடுவே பண்டம் விற்பவன் கூவுவதை ஒக்கும்.

இதனினும் பெரிது சூதாட்ட விளம்பரம். 2021இல் ஓர் ஆட்டத்தின் மீது தனியே பந்தயம் கட்டுவதைக் கனடா சட்டபூர்வமாக்கிற்று. 2022 ஏப்ரலில் ஒன்ராறியோ மாகாணம் தனியார் இணையச் சூதாட்டத்துக்குச் சந்தையைத் திறந்தது. அதன்பின் இடைவேளைப் பேச்சிலும் பந்தய விகிதம் புகுந்தது. பிள்ளைகள் தெய்வமாய் மதிக்கும் வீரர்களே அவ்விளம்பரங்களில் தோன்றினர். 2024 பெப்ரவரி இறுதியில் ஒன்ராறியோ அதனைத் தடைசெய்தது. எனினும் ஏனைய விளம்பரங்கள் நின்றபாடில்லை. என் பேரன், பத்து வயதுப் பாலகன், ‘இன்றிரவு யாருக்கு வாய்ப்பு அதிகம்?’ என்று கேட்பதற்குப் பதிலாக, ‘எவ்வளவுக்கு எவ்வளவு?’ என்று கேட்டான். ஆசிரியராயுள்ள வாசகர் இதனைச் சிந்திக்க வேண்டும்.

யாருடைய தேசம்?

குறைகளை மட்டும் கூறுவது நீதியாகாது. 2008 முதல் அந்நிகழ்ச்சி பஞ்சாபி மொழியிலும் ஒளிபரப்பாயிற்று. 2016இன் இறுதித் தொடரிற் பிற்ஸ்பேர்க் வீரர் நிக் பொனினோ இலக்கடித்தபோது, ஹர்நாராயண் சிங் அவர் பெயரையே தாளம்போல் அடுக்கிக் கூவிய குரலை ஆங்கிலம் மட்டும் அறிந்தோரும் கேட்டு மகிழ்ந்தனர். 2019இல் ஆதிக்குடிகளுள் ஒருவரான கிறீ மக்களின் மொழியிலும் லீக் ஆட்டம் ஒன்று வருணிக்கப்பட்டது. வந்தேறியவரும், எல்லோருக்கும் முன்னரே இருந்தவரும், தத்தம் தாய்மொழியில் நாட்டின் விளையாட்டைக் கேட்டனர். மொழியின் அருமையை அறிந்த நமக்கு இதன் பெறுமதியைப் பிறர் உரைக்க வேண்டியதில்லை. அதே 2019 நவம்பரில், பல்லாண்டு காலம் இடைவேளையில் உரையாற்றிவந்த டொன் செரி, குடியேறியவர்களைச் சுட்டிப் பேசிய சொற்களுக்காக நீக்கப்பட்டார். தேசிய ஒளிபரப்பு எனும்போது ‘தேசம்’ என்பது யாரைக் குறிக்கும் என்ற வினா இவ்விரு செய்திகளிலும் அடங்கியுள்ளது.

வேறு நன்மைகளும் உள. முற்காலத்திற் கிழமைக்கு ஓரிரு ஆட்டமே கிடைத்தன. பணம் உள்ளவன் இன்று ஏறக்குறைய எல்லாவற்றையும் காணலாம். படம் தெளிந்துள்ளது, மீள்காட்சி உடன் கிடைக்கின்றது. உரிமைப் பணத்தாலேயே வீரரின் ஊதியமும் உயர்ந்தது. நிறுவனத்தார் தரும் இவ்விடைகளை நான் மறுக்கவில்லை. ஆனால் ‘பணம் உள்ளவன்’ என்ற சொல்லிலேயே என் மனம் தடைப்பட்டு நிற்கின்றது.

பிரித்தானியா 1996ஆம் ஆண்டுச் சட்டத்தாலும், அவுஸ்திரேலியா தனக்குரிய சட்டத்தாலும், தேசிய முக்கியத்துவம் வாய்ந்த விளையாட்டுகளைப் பட்டியலிட்டு, அவை கட்டணமில்லா அலைவரிசைகளை எட்ட வழி செய்துள்ளன. இந்தியா 2007இல் அத்தகைய ஆட்டங்களின் ஒளிபரப்பைப் பொது நிறுவனத்துடன் பகிர வேண்டும் என்று சட்டம் இயற்றிற்று. சந்தைக்கு இவை பகையல்ல. பொது விழாவுக்குரிய ஒரு முற்றத்தைச் சந்தையின் நடுவே ஒதுக்கி வைக்கும் ஏற்பாடு. கனடிய இரசிகன் கேட்பதும் அதற்கு மேலொன்றன்று. ஆட்டத்தைத் தொடக்கம் முதல் முடிவு வரை காட்டுக. தேடி அலையாமல் அறிந்த இடத்திற் காட்டுக. கண்ணை மறையாது காட்டுக. பிள்ளையின் கையிற் சூதைக் கொடாது காட்டுக. சனி இரவொன்றையேனும் ஏழையும் முதியோனும் பணமின்றிக் காணவிடுக.

ரொறன்ரோக் கழகம் 1967இற்குப் பின், 2025 வரை, வெற்றிக்கிண்ணத்தை வென்றதில்லை. ஆயினும் அதன் இரசிகர் அதனைக் கைவிட்டதில்லை. தோல்வியைப் பொறுக்கும் ஆற்றல் அவர்களிடம் மிகுதியாய் உண்டு. அவர்களாற் பொறுக்கவியலாதது கதவடைப்பே. கலையை நேசிப்பவனின் பொறுமையை அளவற்ற முதலாகக் கருதி, அதன்மேல் வட்டி வாங்கிக்கொண்டேயிருப்போர் ஒன்றை உணர்தல் வேண்டும். அந்நேசம் ஒரு தலைமுறை மற்றத் தலைமுறையின் அருகிலமர்ந்து பார்த்ததனாற் பிறந்தது. அருகிலமர்ந்து பார்க்கும் வழக்கம் அற்றுப்போகுமாயின், எத்தனை கோடி கொடுத்தும் அதனை மீள வாங்க முடியாது.